சோனி பிசிஎம்-எம்10: ஃபோக், ப்ளூஸ் கச்சேரிகளில் ஒரு சின்ன ரெக்கார்டரோடு பல வருடங்கள்

சோனி 2009-ல் கொண்டுவந்த பிசிஎம்-எம்10 ரெக்கார்டர் இப்போது கடைகளில் கிடைக்காது. உற்பத்தியை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இருந்தாலும் சிகாகோவில் ஃபோக் (நாட்டுப்புற இசை), ப்ளூஸ் (ஆப்பிரிக்க-அமெரிக்கர்களிடம் பிறந்த இசை) கச்சேரிகளுக்குக் கிளம்பும்போது நான் பையில் எடுத்து வைப்பது இன்னும் அதைத்தான். பத்து வருடத்துக்கு மேல் பழகிய கருவி என்பதால், அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே கவனம் தேவைப்படுகிறது என்று விரிவாகவே எழுதுகிறேன். பழையதை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், ஆசைக்காகக் கச்சேரி பதிவு செய்யத் தொடங்குபவர்களுக்கும் இது பயன்படும்.

ரசிகர்கள் செய்யும் கச்சேரிப் பதிவு என்றதும் பலருக்கு அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட்தான் நினைவுக்கு வரும். பதிவு செய்பவர்களுக்கென்று 1984-ல் அரங்கில் தனிப் பகுதியே ஒதுக்கியவர்கள் அவர்கள். ராக் கச்சேரியில் பெரிய கேள்வி, அந்தச் சத்தத்தை மைக் தாங்குமா என்பதுதான். ஃபோக் கச்சேரியில் நிலைமை நேர் எதிர். ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒருவர் விரலால் கிட்டார் மீட்டியபடி பாதிக் குரலில் பாடுவார். அங்கே மைக்கும் ரெக்கார்டரும் தாமாகவே எழுப்பும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் பாட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். எம்10-ஐ நான் விடாமல் வைத்திருப்பதற்கு முதல் காரணம் அதன் உள்ளிரைச்சல் மிகக் குறைவு என்பது. இந்த அளவுள்ள கையடக்கக் கருவிகளில் நான் கேட்டவரை, மெல்லிய பாட்டை இவ்வளவு சுத்தமாகப் பிடித்தவை குறைவு.

மெல்லிய ஒலி ஏன் இவ்வளவு முக்கியம்? ஃபோக் பாடகர்கள் பாடுவதற்கு முன்னால் பேசுவார்கள். இந்தப் பாட்டை யாரிடம் கற்றேன், எந்த ஊரில் கேட்டேன், எந்தச் சரணத்தை அவர் மாற்றிப் பாடினார், கிட்டார் தந்திகளை எப்படி மாற்றிச் சுருதி கூட்டியிருக்கிறேன் என்றெல்லாம் மைக்கை விட்டு விலகி, தந்தியை முறுக்கிக்கொண்டே சொல்வார்கள். ஸ்டுடியோ ஆல்பத்தில் இது இருக்காது. எழுத்திலும் பெரும்பாலும் இருக்காது. ஒரு பாட்டின் வழித்தடம் அந்த இரண்டு நிமிடப் பேச்சில்தான் கிடைக்கிறது. பதிவை அழகுபடுத்துகிறேன் என்று பேச்சை வெட்டி எறிபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

இனி லெவல் விஷயம், அதாவது ஒலியை எந்த அளவில் பதிவது என்பது. ஃபோக் கச்சேரியில் அதிகச் சத்தம் பாட்டு அல்ல, கைதட்டல். அதுவும் பக்கத்து நாற்காலிக்காரர் தட்டுவது மைக்குக்கு மிக அருகில் விழும். அதனால் பாட்டைக் கேட்டு லெவல் வைக்கக் கூடாது. தொகுப்பாளர் பாடகரை அறிமுகம் செய்யும்போது எழும் முதல் கைதட்டலைப் பார்த்து வைக்க வேண்டும். எம்10-இன் பக்கவாட்டில் இருக்கும் திருகு இதற்கு வசதி. மெனுவுக்குள் போகாமல் விரலாலேயே திருப்பலாம். திரையில் 0 டெசிபெல்தான் உச்சம், அதைத் தாண்டினால் ஒலி சிதையும். கைதட்டல் -6 டெசிபெல் அளவில் நின்றால், கிட்டார் -20-க்கும் கீழேதான் இருக்கும். பயப்படத் தேவையில்லை. மெல்லிய ஒலியையும் நுணுக்கமாகப் பிடிக்கும் 24 பிட்டில் பதிந்தால் பிறகு தாராளமாக உயர்த்திக்கொள்ளலாம். தானியங்கி லெவல் மட்டும் வேண்டாம். பாட்டு அடங்கும் இடத்தில் அது அறையின் ஏசி சத்தத்தைத் தூக்கிவிடும்; கைதட்டல் வந்ததும் எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

நான் எப்போதும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் (ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளந்து) பதிகிறேன். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். கருவியின் உள்ளேயே 4 ஜிபி இருக்கிறது. மைக்ரோஎஸ்டி கார்டும் போடலாம். கோப்பு 2 ஜிபியைத் தொட்டதும் தானாகவே அடுத்த கோப்புக்குப் போய்விடும், கணினியில் இரண்டையும் ஒட்டினால் சரி. 96 கிலோஹெர்ட்ஸிலும் பதியலாம்தான். ஒரு குரலுக்கும் கிட்டாருக்கும் அதனால் எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை.

கருவியோடு வரும் மைக்குகள் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்குபவை. இது நல்லதா கெட்டதா என்பது நீங்கள் உட்காரும் இடத்தைப் பொறுத்தது. மேடைக்கு இரண்டு மீட்டருக்குள் இடம் கிடைத்தால் இவையே போதும். கிட்டாரின் அடிநாதம் இயல்பாக வரும், அறையின் ஒலியும் பொய்யில்லாமல் இருக்கும். நான்காவது வரிசைக்குப் போய்விட்டால் கோப்பை வைக்கும் சத்தம், நாற்காலி முனகல், இருமல் எல்லாம் பாட்டோடு சமமாக வந்து உட்கார்ந்துவிடும். அப்போது முன்பக்கத்தை மட்டும் கூர்ந்து வாங்கும் கார்டியாய்டு மைக் ஜோடி தேவை. நான் ஆடியோ-டெக்னிகா ஏடி853 வைத்திருக்கிறேன். தேவாலயத்தில் பாடகர் குழுவின் தலைக்கு மேலே தொங்கவிடுவதற்கென்று வந்த சின்ன மைக் அது. கச்சேரி பதிபவர்கள் பலரும் அதை ரொம்ப நாளாகப் பயன்படுத்துகிறார்கள். இரண்டையும் 17 சென்டிமீட்டர் இடைவெளியில், வெளிப்பக்கம் விரித்து வைத்தால் ஹெட்போனில் கேட்கும்போது மேடையே கண்முன் விரியும். கருவியை மேசையில் வைப்பதானால் அடியில் மடித்த துண்டு ஒன்று கட்டாயம் வேண்டும். யாரோ காலால் தாளம் போட்டாலே மரப்பலகை வழியாக மைக்குக்கு ஏறிவிடும்.

ப்ளூஸ் வேறு கதை. அதிலும் சிகாகோ ப்ளூஸ். ஹார்மோனிகாக் கலைஞர் லிட்டில் வால்ட்டர் காலத்திலிருந்தே இங்கே ஹார்மோனிகாவை மைக்கோடு சேர்த்துப் பொத்திப் பிடித்து, ஆம்ப் (ஒலிபெருக்கி) வழியாக ஊதுவார்கள். கூடவே பேஸ் கிட்டார், டிரம்ஸ், தாழ்ந்த கூரை. இந்த இடத்தில் எம்10-க்கு ஒரு எல்லை இருக்கிறது. வெளி மைக்கைச் செருகினால் அதற்கான மின்சாரத்தை ரெக்கார்டரே கொடுக்கும், ஆனால் அந்த வோல்டேஜ் குறைவு. பெரிய பேஸ் அடி விழும்போது மைக்கே திணறிவிடும். திரையில் லெவல் பத்திரமாகத்தான் தெரியும், ஒலியோ உள்ளே நசுங்கியிருக்கும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை நிமிர்த்த முடியாது. இதற்குத் தீர்வு 9 வோல்ட் பேட்டரி போட்ட ஒரு சின்னப் பெட்டி. அது மைக்குக்குத் தேவையான மின்சாரத்தைத் தரும். அதிலிருந்து வரும் ஒயரை ரெக்கார்டரின் லைன்-இன்னில், அதாவது மைக் சாக்கெட்டை விட்டுவிட்டு மற்றக் கருவிகளின் ஒலியை வாங்கும் சாக்கெட்டில் செருகிவிடலாம். சத்தமான ப்ளூஸ் கிளப்புக்குப் போகிறவர்கள் ரெக்கார்டரை மாற்றுவதற்கு முன்னால் இந்தப் பெட்டியை வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது மிக மெல்லிய ஒலியையும் மிகப் பெரிய ஒலியையும் ஒருசேரப் பிடிக்கும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்கள் வந்துவிட்டன, 2024-ல் வந்த ஸூம் எச்1எசென்ஷியல் மாதிரி. அவற்றில் லெவலே வைக்கத் தேவையில்லை என்பது உண்மையிலேயே பெரிய வசதி. ஆனால் மேலே சொன்ன மைக் திணறலை ஃப்ளோட்டும் காப்பாற்றாது. நசுங்கிய ஒலி மைக்கிலிருந்தே அப்படித்தான் வருகிறது.

திறந்தவெளிக்கு வந்தால் காற்றுதான் வில்லன். 1984-ல் தொடங்கிய சிகாகோ ப்ளூஸ் விழா, 2017 முதல் மில்லேனியம் பூங்காவில் நடக்கிறது. ஏரிக்காற்று வீசினால் மைக்குக்கு ரோமக் கவசம் இல்லாமல் ஒன்றும் தேறாது. ஆனால் அந்த இடத்தில் பதிபவர்களுக்கு ஒரு நன்மை உண்டு. ஃபிராங்க் கெரி வடிவமைத்த பிரிட்ஸ்கர் மேடையில், புல்வெளிக்கு மேலே வளைந்து போகும் எஃகுப் பந்தலில் ஸ்பீக்கர்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மேடையிலிருந்து வரும் ஒலியோடு ஒத்துப்போகும்படி அவை சற்றுத் தாமதித்து ஒலிக்கும். அதனால் தூரத்துப் புல்வெளியிலும் பாட்டின் சொற்கள் தெளிவாகக் கேட்கும். அங்கே நான் முன்வரிசைக்கு முட்டி மோதுவதில்லை. ஸ்பீக்கருக்கு நேர் கீழே நிற்காமல், அதிகம் பேசாதவர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கமாகப் பார்த்து இடம் பிடிப்பேன்.

அனுமதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கலைஞரின் சம்மதம் இல்லாமல் அவர் நேரில் நிகழ்த்தும் இசையைப் பதிவதற்கு எதிராக அமெரிக்காவில் 1994 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், சின்ன மேடைகளில் பாடிப் பிழைப்பவர்களிடம் கேட்காமல் பதிவது சரியில்லை. கச்சேரிக்கு முன்னால், அவர் சிடி அடுக்கிக்கொண்டிருக்கும் மேசைக்குப் போய் நேராகக் கேட்பேன். முடிந்தால் ஒரு சிடியும் வாங்குவேன். பெரும்பாலும் சரி என்பார்கள். சிலர், "புதுப் பாட்டு ஒன்று பாடப்போகிறேன், அது இன்னும் முடியவில்லை, அதை மட்டும் விட்டுவிடுங்கள்" என்பார்கள். அந்தப் பாட்டு வரும்போது நிறுத்திவிடுவேன். மறுவாரம் முழுப் பதிவும் அவருக்குப் போய்விடும். அதை வெளியிடலாமா என்பது அவர் முடிவு. இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் 2002-ல் தொடங்கிய கச்சேரிச் சேமிப்பும் சம்மதம் தந்த கலைஞர்களின் பதிவுகளை மட்டுமே ஏற்கிறது. மிசிசிப்பி மலைநாட்டு ப்ளூஸை வாசிக்கும் நார்த் மிசிசிப்பி ஆல்ஸ்டார்ஸ் குழுவின் பதிவுகள் அங்கே இருக்கின்றன. ஒரே பாட்டு ஊருக்கு ஊர் எப்படி நீள்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு என் வேலை கொஞ்சம்தான். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் கைதட்டலை மட்டும் கையால் இறக்கி, பாட்டை மொத்தமாக உயர்த்துவேன். சத்த வேறுபாட்டைக் குறைக்கும் கம்ப்ரஸர் போடுவதில்லை, பாடகர் வேண்டுமென்றே குரலைத் தாழ்த்திய இடம் அதில் தட்டையாகிவிடும். அப்புறம் தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக மாற்றி, கூடவே தேதி, இடம், மைக், உட்கார்ந்த இடம், பாட்டுப் பட்டியல் எல்லாம் எழுதிய ஒரு குறிப்பு. குறிப்பில்லாத பதிவு பத்து வருடம் கழித்து யாருக்கும் உதவாது.

கருவியின் உழைப்புக்கு வருகிறேன். இது இத்தனை வருடம் ஓடுவதற்குப் பெரிய காரணம் இரண்டு ஏஏ பேட்டரிகள். உள்ளேயே பொருத்திய லித்தியம் பேட்டரி என்றால் அது வலுவிழக்கும்போது கருவியும் போயிருக்கும். இதில் ஒரு ஜோடி நல்ல ஆல்கலைன் போட்டால் வார இறுதி விழா முழுக்கத் தாங்கும். எந்த மூலைக் கடையிலும் மாற்று கிடைக்கும். ரெக் பட்டனை அழுத்தும் முன்பே 5 விநாடியை நினைவில் பிடித்து வைக்கும் வசதியும் பலமுறை உதவியிருக்கிறது. சில பாடகர்கள் அறிவிப்பே இல்லாமல் பாடத் தொடங்கிவிடுவார்கள். குறை என்றால், பழைய மினி யுஎஸ்பி சாக்கெட், கையில் பிடித்தால் உள் மைக்கில் ஏறும் உரசல் சத்தம், ரெக் பட்டனை ஒருமுறை அழுத்தினால் பதிவு தொடங்காமல் தயார் நிலையில் மட்டும் நிற்கும் வழக்கம். புதிதாகப் பழகுபவர்கள் திரையில் நேரம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழையதை வாங்குவதாக இருந்தால் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு லெவல் திருகை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கரகரப்பு கேட்டால் வேண்டாம். மைக் சாக்கெட்டில் ஒயரைச் செருகி லேசாக அசைத்தால் ஒரு பக்க ஒலி விட்டுப் போகிறதா என்றும் பாருங்கள். பேட்டரி அறையைத் திறந்து பச்சைப் படிவு இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். வாங்கிய பிறகு, அடுத்த கச்சேரி வரை சும்மா வைக்கும்போது பேட்டரியைக் கழற்றியே வையுங்கள்.