எட்டு அங்குலமும் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பும்

"அண்ணே, தண்ணிக்கு மேல எத்தனை அங்குலத்துல லைட்டைத் தொங்கவிட்டிருக்கீங்க?" என்று என் பவளத் தொட்டியைப் பற்றிப் போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். "எப்பவும் எட்டு, இன்னைக்குப் பன்னிரண்டு" என்றேன். "ஏன்?" என்று அவர் கேட்டிருக்கக் கூடாது. அன்றைக்குத்தான் செத்துப்போன சோக்கை மாற்றி, விளக்கை மறுபடி மாட்டி இறங்கியிருந்தேன். கையெல்லாம் உப்பு. முக்கால் மணி நேரம் பேசினேன், அதில் பாதி வசவு. வசவைக் கழித்துவிட்டு மிச்சத்தை எழுதப் பார்க்கிறேன்.

நாலடி ரீஃப் தொட்டி, அதாவது கடல் உப்புத் தண்ணீரில் பவளம் வளர்க்கும் தொட்டி. மேலே ஆறு டி5 டியூப் (ஒல்லி டியூப்லைட்), தலா 54 வாட், ஒவ்வொன்றுக்கும் மேலே வெளிச்சத்தைக் கீழே திருப்பும் தகடாகத் தனி ரிஃப்ளெக்டர். நாலு வருடமாக ஓடுகிறது. எல்இடி காலத்தில் இதென்ன பழசு என்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: நிழல். ஒன்றிரண்டு எல்இடி விளக்கை மட்டும் தொங்கவிட்டால் அக்ரோபோரா என்ற கிளைப்பவளத்தின் மேல்கிளை கீழ்க்கிளையை மறைத்துவிடும், அடிப்பக்கம் மெல்ல வெளுத்துச் சாகும். நாலடி நீள டியூப் ஆறு இருந்தால் வெளிச்சம் பல பக்கமிருந்தும் வந்து கிளைகளுக்கு அடியிலும் புகும். தண்ணீருக்குள் அலையாடும் அந்த மினுமினுப்பு மட்டும் இதில் கிடைக்காது. அதற்காக ஏங்கியதுண்டு, மறைக்கவில்லை.

இந்த விளக்கின் உயிரே ரிஃப்ளெக்டரில்தான். டியூப் சுற்றிலும் வெளிச்சத்தை வீசுகிறது, பெரும்பகுதி மேலேயும் பக்கத்திலும் போய்விடும். அதைப் பிடித்துத் தண்ணீருக்குள் அனுப்ப வேண்டும். பழைய டி8 டியூப் 26 மி.மீ. தடிமன் என்பதால் திரும்பி வரும் வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தானே மறித்துக்கொள்ளும். டி5 வெறும் 16 மி.மீ. அதற்கேற்றபடி தகட்டின் நடுவில் ஒரு மடிப்புக் கொடுத்து, வெளிச்சம் டியூபை ஒதுங்கி இரு பக்கமும் இறங்கும்படி செய்திருக்கிறார்கள். முகம் பார்க்கலாம் போன்ற அலுமினியம். செய்தவர் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம்.

அதைத் தாங்கும் கிளிப்பைச் செய்தது வேறு யாரோ.

சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக். ரிஃப்ளெக்டருக்கு இரண்டு வீதம் பன்னிரண்டு. டியூபின் சூட்டிலும் வெளிச்சத்திலும் காய்ந்து காய்ந்து முறுக்கு மாதிரி ஆகிவிடுகிறது. உடையும்போது சத்தம்கூடக் கேட்காது. நாலு வருடத்தில் ஏழு போய்விட்டன. தனியாகக் கேட்டால் கிளிப் மட்டும் வராதாம், ரிஃப்ளெக்டரோடு செட்டாகத்தான் வாங்க வேண்டுமாம்.

ஒரு கிளிப்தானே என்று நினைத்தால் கேளுங்கள். போன வருடம் பின்பக்க இடது மூலையில் இருந்த பச்சை அக்ரோபோரா பழுப்படிக்கத் தொடங்கியது. வெளிச்சம் குறைந்தால் பவளம் தன் திசுவுக்குள் வாழும் நுண்பாசியைப் பெருக்கிக்கொள்ளும், அதன் நிறம்தான் பழுப்பு. தண்ணீரில் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் ஏறினாலும் இதே பழுப்புதான். நான் நைட்ரேட்டைச் சந்தேகித்தேன். தீவனத்தைக் குறைத்தேன், தண்ணீர் மாற்றினேன், நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரைக் கழற்றிக் கழுவினேன், ஆறு வாரம் டெஸ்ட் கிட்டும் கையுமாகவே இருந்தேன். எண்கள் எல்லாம் ஒழுங்கு, பவளம் மட்டும் பழுப்பு. ஒரு ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது தொட்டிக்குப் பின்னால் சுவரில் ஒரு முழ நீளத்துக்கு நீலக்கோடு தெரிந்தது. அதற்கு முன் அதை நான் பார்த்ததே இல்லை. ஸ்டூல் போட்டு ஏறினால், கடைசி ரிஃப்ளெக்டர் ஒரு முனையில் கிளிப் இல்லாமல் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. பவளத்துக்குப் போக வேண்டிய வெளிச்சம் ஆறு வாரமாகச் சுவருக்குப் போயிருக்கிறது.

இதில் கூத்து என்னவென்றால் கிளிப்பை உடைப்பதே பராமரிப்புதான். தொட்டியில் குமிழி வெடித்துத் தெறிக்கும் துளிகள் ரிஃப்ளெக்டரில் காய்ந்து உப்புப் பொருக்காகப் படியும். தடவினால் நறநறக்கும். வினிகர் கலந்த தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்துத் துடைத்து, பிறகு வெறும் ஆர்ஓ தண்ணீரில் இன்னொரு முறை துடைக்க வேண்டும். ஸ்கிரப்பர் பக்கமே போகக் கூடாது. மேல்பூச்சில் கீறல் விழுந்தால் உப்பு அலுமினியத்தை அரித்துக் குழி போடும், என்னுடையதில் இரண்டு இருக்கின்றன. ஒழுங்காகத் துடைக்க டியூபைக் கழற்றி, தகட்டையும் கழற்ற வேண்டும். கழற்றினால் கிளிப் போச்சு. இப்போது கேபிள் டை போட்டு, டியூபின் நுனியில் படாமல் கட்டி வைத்திருக்கிறேன். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் கிளிப்பைவிட உறுதி.

சரி, உயரம். சோக் மாற்றும் சாக்கில் ஆறு தகட்டையும் துடைத்தேன். துடைப்பதற்கு முன் பாறை உச்சியில் இரவல் பிஏஆர் மீட்டர் (பாசிக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளப்பது) காட்டியது 220. துடைத்தபின் 310. அதே டியூப், அதே எட்டு அங்குலம். முதல் வருடம் இது தெரியாமல், பளபளவென்று துடைத்த சந்தோஷத்தில் அதே உயரத்தில் மாட்டினேன். நாலே நாளில் மேலே இருந்த பவளங்கள் திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டன. அதனால்தான் இந்த முறை பன்னிரண்டில் தொடங்கி வாரத்துக்கு ஓர் அங்குலம் இறக்குகிறேன். உயரத்தை இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசி ஆகிவிடும் என்று சொல்வார்கள். அது புள்ளி விளக்குக்கு. ரிஃப்ளெக்டர் போட்ட நீள டியூபுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. எட்டிலிருந்து பன்னிரண்டுக்கு ஏற்றியதில் 310 என்பது 260 ஆனது, அவ்வளவுதான். ஏற்றினால் வெளிச்சம் தொட்டிக்கு வெளியே சிந்தி, உட்கார்ந்திருப்பவர் கண்ணைக் குத்தும். இறக்கினால் உப்பு சீக்கிரம் ஏறும், கை விட்டு வேலை செய்யவும் இடம் இருக்காது.

எல்லாம் கேட்டுவிட்டு நண்பர், "அப்ப இதை வாங்கலாமா வேணாமா?" என்றார். பச்சை அக்ரோபோரா நிறம் திரும்பி, நுனியெல்லாம் புதுசாக வளர்ந்து நிற்கிறது. நாலு வருடத்தில் ஒரு கிளையின் அடிப்பக்கம்கூட நிழலால் சாகவில்லை. "வாங்காதீங்க" என்றேன்.

"அப்ப உங்களோடதை எனக்குத் தந்துடுங்க, கேபிள் டையோடயே எடுத்துக்கறேன்."

தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.