1911 பிஸ்டலில் கிரிப் சேஃப்டி மாற்றம்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

டெக்சஸில் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போகும் பழக்கம் உள்ளவர்களுக்கு 1911 பற்றி அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சுருக்கமாக: ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட, .45 ஏசிபி தோட்டா போடும் பிஸ்டல். நூறு வருடம் தாண்டியும் பல கம்பெனிகள் அதையே செய்து விற்கின்றன. என்னிடம் இருப்பது ஜி.ஐ. பாணி மாடல். அதாவது சின்ன சைட், நீளமான கொண்டி வைத்த ஹேமர் (பின்னால் இருக்கும் சுத்தியல்), குட்டை வால் வைத்த கிரிப் சேஃப்டி (பிடியின் பின்பக்கத் தடுப்பு; உள்ளங்கை அதை அழுத்தினால்தான் சுட முடியும்), எல்லாம் பழைய ராணுவ அச்சு.

சிக்கல் அந்தக் குட்டை வாலில்தான். ஒவ்வொரு முறை சுடும்போதும் மேலே நகரும் பகுதியான ஸ்லைடு பின்னால் வந்து ஹேமரைத் தள்ளும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை, ஹேமர் கொண்டிக்கும் கிரிப் சேஃப்டிக்கும் இடையே மாட்டிக்கொள்ளும். இதற்கு 'ஹேமர் பைட்' என்றே பெயர். ராணுவத்துக்கே இந்தத் தொல்லை இருந்தது; 1920-களில் வந்த ஏ1 மாடலில் வாலை நீட்டியதற்கு ஒரு காரணம் இதுதான். கை சதைப்பற்றாக இருந்தால் அந்த நீட்டலும் போதாது. என் கை அந்த ரகம்.

தீர்வுகள் பல. ஹேமர் கொண்டியை வெட்டிக் குறைக்கலாம். மலிவு, ஆனால் பார்க்கக் கண்ணராவி. பிஸ்டலின் அடிப்பகுதியான ஃப்ரேமில், கிரிப் சேஃப்டிக்கு இருபுறமும் பின்னால் நீட்டும் காதுகளை வளைவாக அரத்தால் ராவி, அதற்குப் பொருந்தும் பீவர்டெயில், அதாவது நீண்டு வளைந்த வால் வைத்த கிரிப் சேஃப்டி போடலாம். அழகு என்றால் இதுதான். ஆனால் பீவர்டெயில்கள் எல்லாம் ஒரே வளைவில் வருவதில்லை. .250 அங்குல ஆரம் ஒரு வகை, .220 அங்குலம் இன்னொரு வகை. எதை வாங்குகிறோமோ அதற்குரிய ஜிக்கை (ராவ வழிகாட்டும் அச்சு), கட்டைவிரலால் இயக்கும் தம்ப் சேஃப்டியின் துளையில் பொருத்தி, அதன் விளிம்பு வரை ராவ வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி சீரியல் எண் உள்ள ஃப்ரேம்தான் 'துப்பாக்கி'. மற்றதெல்லாம் உதிரிபாகம், தபாலில் வீட்டுக்கே வரும். ஃப்ரேம் அப்படியல்ல; அதில் ஒரு அரம் கூடுதலாகப் பட்டால் அதை ஒட்டவைக்க வழியில்லை. அதனால் ஃப்ரேமைத் தொடாமலே பொருந்தும் டிராப்-இன் வகையைத் தேர்ந்தெடுத்தேன்.

'டிராப்-இன்' என்று அட்டையில் போட்டிருந்தாலும் அரம் இல்லாமல் வேலை முடியாது. ஏன் என்று புரிய உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிரிப் சேஃப்டி, தம்ப் சேஃப்டியின் அச்சில் தொங்குகிறது. அதன் உள்பக்கம் ஒரு கை முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். பிடி அழுத்தப்படாதபோது அந்தக் கையின் நுனி, ட்ரிகரின் பின்வளையத்துக்கு நேர் பின்னால் நின்று தடுக்கும். உள்ளங்கை அழுத்தியதும் நுனி மேலே எழும்பி வழிவிடும். ஏற்றிய ஹேமரைப் பிடித்து நிறுத்தும் கொக்கிதான் சியர்; மூன்று விரல் கொண்ட சியர் ஸ்ப்ரிங்கின் வலது விரல்தான் அதைத் திரும்ப வெளியே தள்ளுகிறது. எந்த பிஸ்டலில் போய் உட்காரப்போகிறது என்று தயாரிப்பவருக்குத் தெரியாது என்பதால், நுனியை வேண்டுமென்றே கொஞ்சம் நீளமாக விட்டு அனுப்புகிறார்கள்.

நீளம் அதிகமானால் நுனி வளையத்தின் பின்னால் இறங்காமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிடும். சேஃப்டி வெளியே வரவே வராது. நுனியின் முன்முகத்தில் உரசும் இடத்தைக் காட்டும் லேஅவுட் நீல மை தடவி, மாட்டிப் பார்த்து, தேய்ந்த இடத்தில் மட்டும் நுண்ணரத்தால் இரண்டு இழுப்பு. கழற்று, மாட்டு, பார். முன்முகத்தை அதிகம் ராவினால் இடைவெளி விழுந்து, தடுக்க வேண்டிய பாகம் தடுக்காமல் போகும். வெல்டிங் தெரியாதவர்களுக்கு அதன் பிறகு அது குப்பைதான். எவ்வளவு அழுத்தினால் ட்ரிகர் விடுபடும் என்பதை முடிவு செய்வது நுனியின் அடிப்பக்கம். அதையும் மெதுவாகத்தான் எடுக்க வேண்டும். எனக்குப் பாதி தூரம் தாண்டியதும் விடுபடும்படி வைத்தேன்.

சோதனை எளிது, ஆனால் தவிர்க்கக் கூடாது. மேகஸினை எடுத்துவிட்டு, தோட்டா உட்காரும் குழியான சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்த பிறகே தொடங்க வேண்டும். ஹேமரை ஏற்றி, தம்ப் சேஃப்டியை இறக்கி, கிரிப் சேஃப்டியில் கை படாமல் பிடித்து ட்ரிகரை அழுத்தினால் ஹேமர் விழக் கூடாது. முழுப்பிடியில் அழுத்தினால் விழ வேண்டும். பிடியை விட்டதும் சேஃப்டி தானாக வெளியே வர வேண்டும். துப்பாக்கியின் மூக்கை மேலே, கீழே திருப்பியும் இதைப் பார்ப்பது நல்லது. இன்றும் சுத்தம் செய்து மாட்டும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்கிறேன்.

ஹேமர் விஷயம் தனி. பழைய நீளக் கொண்டி பீவர்டெயிலில் இடிக்கும். கமாண்டர் வகை வளைய ஹேமர் தேவை. இந்த வேலையை மட்டும் துப்பாக்கி வேலைக்காரரான கன்ஸ்மித்திடம் கொடுத்தேன். ஹேமரும் சியரும் கொக்கி போட்டுக்கொள்ளும் இடம் மில்லிமீட்டரில் சின்னப் பங்கு. அது சரியில்லை என்றால் ஒரு முறை அழுத்த இரண்டு தோட்டா போகலாம். யூட்யூப் பார்த்துப் பழகும் இடம் அதுவல்ல.

இன்னொன்று. கிம்பரின் சீரிஸ் 2 பிஸ்டல்களிலும் ஸ்மித் அண்ட் வெசனின் 1911-களிலும் ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி) முன்னே போகாமல் நிறுத்தும் தடுப்பை இயக்குவதே கிரிப் சேஃப்டிதான். கோல்ட் சீரிஸ் 80-இல் அந்த வேலையை ட்ரிகர் செய்கிறது. ஆகவே முதல் வகையில் கண்ட பாகத்தை வாங்கிப் போட்டால் ஃபயரிங் பின்னுக்கு வழி திறக்காமலே போகலாம். அந்த பிஸ்டலுக்கென்றே செய்த பாகம்தான் வேண்டும். கிம்பரில் ஸ்லைடை மாட்டும்போது கிரிப் சேஃப்டியை அழுத்தவும் கூடாது. அந்தத் தடுப்பை இயக்க எழும்பி நிற்கும் சின்னக் கம்பி அடிபடும்.

இனி பயன்பாடு. ஹேமர் கடி முதல் நாளே நின்றுவிட்டது, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. வாலின் வளைவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள்; எனக்கு வித்தியாசம் தெரிந்தது கிரிப் சேஃப்டியின் கீழ்ப்பகுதியில், உள்ளங்கை படும் இடத்தில் புடைத்திருக்கும் மேட்டில். பீவர்டெயில் கையை மேலே ஏற்றிவிடுகிறது. கட்டைவிரலைத் தம்ப் சேஃப்டி மேல் வைத்துப் பிடிக்கும்போது உள்ளங்கையில் ஒரு பள்ளம் விழும், அந்தப் பள்ளம் சரியாகக் கிரிப் சேஃப்டிக்கு நேரே வரும். மேடு இல்லாத வழவழ மாடலை நண்பரின் பிஸ்டலில் சுட்டுப் பார்த்தேன். அவசரமாக உறையிலிருந்து எடுத்தால் ட்ரிகர் சில சமயம் அசையாது. மேடு உள்ளதில் அந்தத் தொல்லை இதுவரை இல்லை. இந்த எரிச்சலில்தான் சிலர் கிரிப் சேஃப்டியில் ஒரு கம்பியை அடித்து அதை நிரந்தரமாக அமுக்கிவிடுகிறார்கள். பிரவுனிங்கின் பெயரிலேயே உள்ள ஹை-பவரில் கிரிப் சேஃப்டி கிடையாதே என்று வாதமும் வைப்பார்கள். வாதம் சரி, ஆனால் மேடு வைத்த பாகம் கடையில் கிடைக்கும்போது தடுப்பை ஏன் சாகடிக்க வேண்டும்?

குறைகளும் உண்டு. டிராப்-இன் என்பதால் ஃப்ரேமின் சதுரக் காதுகள் அப்படியே தெரிகின்றன, அந்தப் படிக்கட்டு இடுக்கில் புகைக்கரியும் துணி நாரும் சேரும். பழைய டூத்பிரஷ் போதும். மேட்டின் ஓரம் கூராக இருந்ததால் நீண்ட பயிற்சி நாட்களில் உள்ளங்கை சிவந்தது. 400 நம்பர் உப்புத்தாளில் மழுக்கியதும் சரியாயிற்று. ஆனால் நீலப்பூச்சு போன அந்த இடத்தில் டெக்சஸ் வியர்வைக்கு உடனே துரு எட்டிப் பார்க்கிறது. எண்ணெய்த் துணியால் துடைக்காமல் உறையில் போட முடியாது. மறுபடி வாங்கினால் ஸ்டெயின்லெஸ்தான். நிறம் ஒட்டாவிட்டாலும் பரவாயில்லை. சட்டைக்குள் மறைத்து அணிபவர்களுக்கு வால் இடுப்பில் குத்தும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் தேய்மானம் கண்ணுக்குத் தெரியவில்லை. சியர் ஸ்ப்ரிங்கை மட்டும் ஒருமுறை மாற்றினேன். வலது விரல் சோர்ந்து சேஃப்டி சோம்பலாக வெளியே வந்தது.

வாங்கும் முன் மெயின்ஸ்ப்ரிங் ஹவுசிங்கையும் (பிடியின் பின்பக்கம், கிரிப் சேஃப்டிக்குக் கீழே இருக்கும் பாகம்) பாருங்கள். ஏ1-இன் வளைந்த ஹவுசிங் உள்ளங்கையின் அடிப்பகுதியை நிரப்பி, கிரிப் சேஃப்டி மேல் விழும் அழுத்தத்தை மாற்றுகிறது. தட்டை ஹவுசிங்குடன் எனக்கு ஒத்துவந்த அதே மேடு, வளைந்த ஹவுசிங்கில் என் நண்பருக்கு உறுத்துகிறது. முடிந்தால் இரண்டையும் ரேஞ்சில் யாரிடமாவது கடன் வாங்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.