மூன்று மணி முழிப்புக்கு எது கைகொடுக்கும்?

ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்து, சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குத் தரச்சோதனை வேலை. ஷிப்மெண்ட் வாரம் வந்துவிட்டால் ஷூவின் மேல்பாகமான அப்பரில் தையல் விலகியிருக்கிறதா, வலதுக்கும் இடதுக்கும் நிறம் ஒத்துப்போகிறதா என்று தூக்கத்திலும் தோலைப் புரட்டிக்கொண்டிருப்பேன். இரண்டு வருடத்துக்கு முன் நான் பார்த்து அனுப்பிய ஒரு லாட் அப்படியே திரும்பி வந்தது. அன்றிலிருந்து பிடித்தது இந்த முழிப்பு. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை ஈரமாகும். பகலில் யாராவது பின்னாலிருந்து "சார்" என்று கூப்பிட்டாலே வயிற்றைப் பிசையும்.

டென்ஷனுக்கு என்ன செய்யலாம் என்று எங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள். "ஒரு பௌர்ணமிக்கு அண்ணாமலைய சுத்திட்டு வாண்ணா, எல்லாம் பூடும்" என்றான் பேக்கிங்கில் இருக்கும் பையன். "காலைல கோட்டைல நட" என்றார் மாமா, வேலூர்க் கோட்டையைத்தான். "கண்ணு பட்டுக்கீதுடா" என்றாள் அம்மா. நண்பன் ஒருவன் பேசாமல் பர்ஸிலிருந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து நீட்டினான். கிட்டத்தட்ட எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டேன். செய்யும் நேரத்தில் எல்லாமே இதமாகத்தான் இருக்கின்றன. அதனால் ஒரே ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன்: மறுநாள் மூன்று மணிக்கு அதில் என்ன மிச்சம்?

கோட்டை நடையும் கிரிவலமும்

இரண்டுமே நடைதான். இரண்டுக்கும் காசு அதிகம் வேண்டாம். ஆனால் உடம்பில் செய்யும் வேலை வேறு.

கிரிவலம் 14 கிலோமீட்டர். வேலூரிலிருந்து பஸ்ஸில் போனால் போக வர ஒரு நாள் கணக்கு. (1989 வரை திருவண்ணாமலையும் எங்கள் வட ஆற்காடு மாவட்டம்தான் என்று பெரியவர்கள் இன்னும் உரிமையோடு சொல்வார்கள்.) வெறுங்காலோடு, எட்டு லிங்கங்களிலும் நின்று நின்று, கூட்டத்தோடு கூட்டமாக நடந்தால் நான்கு மணி நேரம் ஆகிவிடும். அவ்வளவு பேர் அவரவர் கவலையைத் தூக்கிக்கொண்டு ஒரே திசையில் நடக்கிறார்கள். நம்முடையது கொஞ்சம் சின்னதாகத் தெரியும். திரும்பி வந்து படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். என் கணக்கில் அது மூன்று நாள் தாங்கியது. நான்காம் நாள் பழையபடி ஃபேன். பக்தியை நான் அளக்கவில்லை, தூக்கத்தைத்தான் அளக்கிறேன். பௌர்ணமி மாதத்துக்கு ஒன்றுதானே வருகிறது.

கோட்டை நடையில் முதல் வாரம் ஒன்றுமே தெரியவில்லை, கால் வலியைத் தவிர. அதிகாலை ஐந்தரைக்கு அகழி ஓரம் காற்று நன்றாக இருக்கும். நடப்பவர்களில் ரிட்டயர் ஆனவர்கள் பாதி. மீதியில் பலர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நோயாளிக்குத் துணையாக வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வங்காளிகள். நம்மைவிடப் பெரிய பாரத்தோடு வந்தவர்கள், நம்மைவிட வேகமாக நடப்பார்கள். மூன்றாவது வாரத்தில்தான் கவனித்தேன், முழிப்பு மூன்றிலிருந்து நாலரைக்கு நகர்ந்திருந்தது. பயம் வந்தால் உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, சர்க்கரை ரத்தத்தில் ஏறுகிறது, தசை இறுகுகிறது. நாமோ நாற்காலியில் உட்கார்ந்து எக்செல் ஷீட் பார்க்கிறோம். ஓட வேண்டிய உடம்புக்குத் தினம் ஒரு நடையாவது கொடுத்தால் கொஞ்சம் அடங்குகிறது. காலை வெளிச்சம் கண்ணில் படுவதும் ராத்திரி தூக்கத்துக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறது. ஒரே குறை, அக்னி நட்சத்திரம். வேலூர் வெயில் நாற்பதைத் தாண்டும் நாட்களில் ஏழு மணிக்கே சட்டை நனைந்துவிடும். மே மாதத்தில் நடையை விட்டவர்கள் ஜூனில் திரும்பி வருவதில்லை, நானே ஒரு தடவை அப்படி விட்டவன்.

நடை முடிந்தால் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில், யாளித் தூண் பக்கம் சிறிது நேரம் உட்காருவேன். வேலூரைக் கிண்டலாகச் சொல்வார்களே, சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு என்று. சாமி 1981-இல் எங்கள் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குத் திரும்பிவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியது. கிண்டல் செய்தவர்கள் இரண்டிலும் தோற்றார்கள்.

ஸ்ரீபுரம் பொற்கோயிலையும் சொல்லிவிடுகிறேன். நட்சத்திர வடிவப் பாதையில் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நடந்துதான் தங்கக் கோபுரத்தைப் பார்க்க முடியும். செல்போன் உள்ளே கூடாது. வெளியே வரும்போது மனசு லேசாக இருந்தது. அதில் தங்கத்துக்கு எவ்வளவு பங்கு, போன் இல்லாத நேரத்துக்கு எவ்வளவு பங்கு என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஏலகிரி வேண்டாம். பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஞாயிறு சாயங்காலம் அதே வளைவுகளில் இறங்கும்போது திங்கட்கிழமை நம்மோடு காரில் உட்கார்ந்திருக்கிறது.

டீக்கடைப் பேச்சும் வீட்டுப் பேச்சும்

பேசினால் பாரம் குறையும் என்பார்கள். யாரிடம், எப்படி என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் கம்பெனி வாசல் டீக்கடையில் நாங்கள் நான்கு பேர். பேச்சு தினமும் ஒன்றே: மேனேஜர், பையர், ஓவர்டைம். ஒருவர் தொடங்கினால் மற்றவர் ஏற்றுவார். பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் ரத்தம் சூடாகியிருக்கும். அதைத்தான் டென்ஷன் இறங்கியது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போவோம். அதோடு, அங்கே குடிக்கும் டீ. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், ஆறு. டீயிலும் காபியிலும் இருக்கும் கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி, பதினொன்றுக்குப் படுக்கும்போதும் உள்ளே இருக்கிறது. படபடப்புக்கு மருந்து என்று நான் குடித்ததே படபடப்பை ஏற்றிக்கொண்டிருந்தது. மதியம் மூன்றுக்கு மேல் டீயை நிறுத்தியது, இதுவரை செய்ததிலேயே சுலபமான காரியம். முதல் நான்கு நாள் தலைவலி வந்தது, அவ்வளவுதான்.

அதே கடையில் கட்டிங் செக்‌ஷன் பாய் ஒருவர் எப்போதாவது வருவார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். என் புலம்பல் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சரி தம்பி, நாளிக்கு இன்னா பண்ணப் போறே?" எனக்குப் பதில் இல்லை. ஆனால் அன்று பேசிவிட்டு உள்ளே போனபோது ரத்தம் சூடாகவில்லை.

வீட்டில் நான் எதையும் சொன்னதில்லை. பாவம், அவளுக்கு எதற்கு என்ற நினைப்பு. ஒரு நாள் அவளே சாதம் போட்டுக்கொண்டே கேட்டாள், "ஏங்க, தினம் மூணு மணிக்கு நீங்க முழிச்சிக்கிறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?" நான் மறைத்ததாக நினைத்த ஒன்றரை வருடமும் அவளும் முழித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். அதற்கப்புறம் அவள் சொல்லித்தான் ஒரு பழக்கம் வந்தது. ராத்திரி எட்டரை மணிக்கு மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மறுநாளைக் குறித்து எது பயமாக இருக்கிறதோ அதை எழுதுவது. முதல் நாள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "பழுப்பு நிற லாட் சேதம் எத்தனை? சோல் ஒட்டு பிரியுமா? பையர் புதன்கிழமை வருவாரா? வேலை போய்விட்டால்?" மூன்று மணிக்கு மலை மாதிரி நின்றது நோட்டில் நான்கு வரி. அதில் இரண்டுக்குப் பதில் ஒரு போன் தூரத்தில் இருந்தது. ஒன்றை மாதிரி ஜோடியை இழுத்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கடைசி வரிக்கு மட்டும் நம்மால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அதன் மேல் அவள் ஒரு கோடு போட்டாள்.

டீக்கடைக்கும் நோட்டுக்கும் நடுவே எனக்குக் குழப்பமே இல்லை, நோட்டுதான்.

அம்மாவின் மிளகாய்

அமாவாசைக்குக் காத்திருக்காமல் ஒரு செவ்வாய்க்கிழமையே அம்மா சுற்றிப் போட்டாள். காய்ந்த மிளகாய், கல்லுப்பு, தெரு முனை மண். வலமாக மூன்று, இடமாக மூன்று, மூன்று தடவை துப்பச் சொல்லி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை. "பாத்தியா, எவ்ளோ கண்ணு!" என்று திருப்தியாகச் சொன்னாள். அடுப்பு சரியாக எரியவில்லை என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். நாற்பத்திரண்டு வயது ஆளைக் கிழக்கே பார்க்க உட்கார வைத்து ஒருத்தி தலையைச் சுற்றிக் கை வீசினால், தூக்கம் வருவதில் என்ன அதிசயம்? ஆனால் லாட் எண் தெரியாது மிளகாய்க்கு. ஒரு ராத்திரிக்குத்தான் அது போதும்.

பர்ஸில் இருந்த அட்டையும் டாக்டரும்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இங்கேதான் ஆபத்து இருக்கிறது.

நண்பன் கொடுத்தது பென்சோடயசெபைன் வகை மாத்திரை. அரை மணி நேரத்தில் வேலை செய்தது, காலை ஆறு வரை அசையவில்லை. இதைவிட நல்ல வழி உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். பத்தாவது நாள் பாதி மாத்திரை போதவில்லை. போடாத ராத்திரி, முன்பைவிட இரண்டு மடங்கு படபடப்பு. அந்த வகை மாத்திரையின் குணமே அதுதான். உடனே அமைதி தரும், சில வாரங்களில் உடம்பு அதற்குப் பழகிவிடும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் இருப்பது அதனால்தான். பல நாளாகப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்லக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். குவார்ட்டருக்கும் இதே கணக்குதான். சீக்கிரம் தூங்க வைக்கும், பின்ராத்திரியில் போதை இறங்கும்போது எழுப்பிவிடும். மூன்று மணிக்காரர்களுக்கு அதைப்போல எதிரி வேறில்லை.

டாக்டரிடம் போவதற்குத் தடையாக இருந்தது காசு இல்லை, பஸ். காட்பாடியிலிருந்து பாகாயத்துக்கு ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் பஸ் ஓடும். சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் 1957 முதல் இருக்கிறது. அதனால் எங்கள் தெருவில் யாராவது கொஞ்சம் மாறிப் பேசினால் "ஒண்ணாம் நம்பர் ஏத்தி விடு" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அங்கே சிகிச்சைக்குச் சேருபவரோடு வீட்டு ஆள் ஒருவரும் தங்கிப் பார்த்துக்கொள்வது ஆரம்ப காலத்திலிருந்து வழக்கம் என்பது சிரித்த எங்களில் யாருக்கும் தெரியாது.

நான் பார்த்தது வேறொரு டாக்டரை. அவர் முதலில் எழுதியது தைராய்டுக்கும் ஹீமோகுளோபினுக்கும் ரத்தப் பரிசோதனை. தைராய்டு கூடினாலும் ரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வருமாம். இரண்டும் சரியாக இருந்தன. அப்புறம்தான் பேச்சு, அதற்கப்புறம் வேறு வகை மாத்திரை. இது வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். முதல் வாரம் குமட்டல் இருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் அன்றே தூக்கிப் போட்டிருப்பேன். அட்டை மாத்திரை அரை மணியில் தந்ததை இது ஒரு மாதத்தில் தந்தது. ஆனால் அட்டை ஒவ்வொரு ராத்திரியும் கூடுதல் கேட்டது, இது கேட்கவில்லை.

எல்லோருக்கும் டாக்டர் வேண்டும் என்று சொல்லவில்லை. வாரக்கணக்கில் சாப்பாடு, தூக்கம், வேலை மூன்றும் கெட்டால் போக வேண்டும். செத்துவிடலாமா என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் அன்றே போக வேண்டும். பஸ் ஏறக் கூச்சமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் இருக்கிறது, 14416. காசு இல்லை, தமிழில் பேசுவார்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள். மூன்று மணிக்கும்தான்.

அந்த நேரத்தில்

மேலே சொன்னதெல்லாம் முழிப்பு வராமல் இருக்க. வந்துவிட்டால்? கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு இருக்கின்றன: மூச்சு, போன். நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விட வேண்டும். வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தானே தணியும். ஐந்து நிமிடத்தில் படபடப்பு பாதியாகும், தூக்கம் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இருபது நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் எழுந்து ஹாலில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருவது, புரண்டுகொண்டிருப்பதைவிட மேல்.

போனை எடுத்தால் கதை முடிந்தது. மணி பார்க்கத்தான் எடுப்போம். கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ பதினொன்றரைக்கு ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருப்பார். அதைப் பார்த்துவிட்டு எந்த மூச்சும் வேலை செய்யாது. அதனால் போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டோம். காலையில் அலாரம் அடித்தால் நிறுத்த அவள்தான் எழுந்து ஓட வேண்டியிருந்தது. நான்கு நாள் பொறுத்துவிட்டு லாங்கு பஜாரில் ஒரு டைம்பீஸ் வாங்கி வந்தாள். நல்ல டைம்பீஸ், நேரம் தப்புவதில்லை. ஆனால் அந்த டிக் டிக் சத்தம் மூன்று மணிக்குக் கோயில் மணி மாதிரி கேட்கிறது. இப்போது அதற்கும் சமையலறைதான், போனுக்குப் பக்கத்தில்.