ஓபிடி ஸ்கேனர்: ஐந்து வருடம் கழித்து

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் இருக்கும் 16 முனை சாக்கெட்டில் செருகினால், புளூடூத் வழியாக காரின் எரர் கோட்களை, அதாவது கோளாறைச் சொல்லும் குறியீடுகளை, போனில் காட்டும். ஈஎல்எம்327 என்ற சிப்பை வைத்துச் செய்யும் வகை, அதிலும் மலிவான நகல்தான். ரிப்பேர் முடிந்த பிறகும் எரிந்துகொண்டிருக்கும் செக் என்ஜின் விளக்கை அணைக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக வாங்கினேன்.

அப்போது நடந்தது இது. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. பொறி உண்டாக்கும் இக்னிஷன் காயிலை மாற்றியதும் என்ஜின் பழையபடி சீராக ஓடியது. விளக்கு மட்டும் அணையவில்லை. "ரெண்டு மூணு நாள் ஓட்டுங்க சார், தானா போயிடும்" என்றார் மெக்கானிக். நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, கால் மணி நேரம் விட்டு மாட்டினேன். விளக்கு போனது. கூடவே ரேடியோவில் சேமித்து வைத்த நிலையங்களும், ஒரே தொடுதலில் ஏறும் கண்ணாடியும் போயின. சிக்னலில் நிற்கும்போது ஐடிலிங், அதாவது மிதிக்காமல் என்ஜின் ஓடும் வேகம், நாலைந்து நாள் ஏறி இறங்கியது. காரின் கம்ப்யூட்டர் கற்று வைத்திருந்ததை எல்லாம் மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. அடுத்த வாரமே ஸ்கேனரை வாங்கிவிட்டேன்.

முதல் தடவை அழித்தபோது ஒரு வேடிக்கை. சாவி ஆன், என்ஜின் ஆஃப். அப்படித்தான் செய்யச் சொல்கிறார்கள். ஆப்பில் அழி பொத்தானை அழுத்தினேன், 'முடிந்தது' என்றது. டேஷ்போர்டில் விளக்கு அப்படியே எரிகிறது. மறுபடி அழுத்தினேன். மூன்றாம் தடவையும் அழுத்தினேன். பெட்டி டூப்ளிகேட் என்று திட்டிக்கொண்டே என்ஜினை ஸ்டார்ட் செய்தால், அணைந்துவிட்டது. சாவியை ஆன் செய்தால், பல்பு பழுதில்லை என்று காட்டுவதற்காகவே அந்த விளக்கு எரியும். அழிந்ததா இல்லையா என்பது ஸ்டார்ட் செய்த பிறகுதான் தெரியும்.

இரண்டாம் வருடம் செய்த தப்புதான் பெரியது. பி0171 என்ற கோட் வந்தது, அதாவது கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று அழித்துவிட்டேன். பத்து நாளில் திரும்பி வந்தது. மறுபடி அழித்தேன், மறுபடி வந்தது. மூன்றாம் தடவைதான் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கோட் பதிவான நொடியில் வண்டி எப்படி இருந்தது என்று காரே எடுத்து வைத்த படம் அது. வேகம் 0, ஆர்பிஎம் 750, நீண்டகால ஃப்யூயல் டிரிம் கூட்டல் 22 சதவீதம், அதாவது கலவையைச் சரிசெய்ய கார் அவ்வளவு பெட்ரோலைக் கூட்டியிருக்கிறது. நின்ற இடத்தில்தான் கோளாறு என்று அதிலேயே இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் வைத்துப் பார்த்தேன், டிரிம் 5க்கு இறங்கியது. ஐடிலிங்கில் அதிகம், மிதித்தால் குறைவு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வேக்குவம் லீக், அதாவது எங்கோ ஓட்டை வழியாக உள்ளே புகும் காற்று. என்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் ஒரு சின்ன ரப்பர் ஹோஸ், வளைவில் வெடித்திருந்தது. விரலால் அழுத்தியதும் ஐடிலிங் மாறியது.

அந்தப் படத்தைத்தான் அதற்கு முன் இரண்டு முறை என் கையாலேயே அழித்திருக்கிறேன். அழி பொத்தான் கோட்டை மட்டும் துடைப்பதில்லை. ஃப்ரீஸ் ஃப்ரேம் போகும், கற்ற டிரிம் மதிப்புகளும் பெரும்பாலான கார்களில் பூஜ்யத்துக்குப் போகும். கார் மறுபடி கற்று, டிரிம் அளவு மீறி, கோட் போட நாளாகிறது. அந்தப் பத்து நாளை நான் குணமானதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் முதலில் ஸ்கிரீன்ஷாட், அப்புறம்தான் மற்றது.

இன்னொன்று, ரெடினஸ் மானிட்டர்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார், டேங்கின் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் பிடிக்கும் ஆவி அமைப்பு ஆகியவற்றை கார் தானே சோதித்துக்கொள்ளும். அந்தச் சோதனைகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அழித்தால் அந்தச் சோதனை முடிவுகளும் 'முடியவில்லை' நிலைக்குப் போய்விடும். புகைப் பரிசோதனைக்கு முந்தைய இரவு அழித்துவிட்டுப் போனால், சாக்கெட்டில் மாட்டிப் பார்க்கும் இடங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவி அமைப்பின் மானிட்டர்தான் மகா பிடிவாதம். என்ஜின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும், டேங்க் நிறைந்தும் இருக்கக் கூடாது, காய்ந்தும் இருக்கக் கூடாது. நான் அவசரமாக ஃபுல் டேங்க் அடித்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தேன். பாதிக்கு வந்த பிறகுதான் முடிந்தது. சில கார்களில் 'நிரந்தரக் கோட்' என்று தனியாக இருக்கும். அதை ஸ்கேனரும் அழிக்காது, பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. கோளாறு இல்லை என்று கார் தானே சோதித்துத் தெரிந்துகொண்டால்தான் போகும்.

விளக்கு கண் சிமிட்டினால் ஸ்கேனரை எடுக்கவே வேண்டாம். அது கடுமையான மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும். ஓரமாக நிறுத்துங்கள்.

சரி, பெட்டியைப் பற்றி. ஐந்து வருடத்தில் ஒரு முறை மூடி பிரிந்து பசை போட்டு ஒட்டினேன். போனோடு இணைய மாட்டேன் என்று அடம்பிடிப்பது மாதத்துக்கு ஒரு முறையாவது உண்டு, கழற்றி மாட்டினால் சரியாகும். ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளுக்கு என் பெட்டி உதவவில்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அல்லது புளூடூத் எல்ஈ வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். முக்கியமாக, வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். செருகியபடியே இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்தேன், பேட்டரி செத்துக் கிடந்தது.

எதற்காக வாங்கினேனோ அந்த அழி பொத்தானைத்தான் இப்போது மிகக் குறைவாகத் தொடுகிறேன். போன மாதம் பி0455 வந்தது, ஆவி அமைப்பில் பெரிய கசிவு. பெட்ரோல் மூடி சரியாக மூடப்படாமல் இருந்தது. 'டிக்' சத்தம் கேட்கும்வரை திருகிவிட்டு, வேண்டுமென்றே அழிக்காமல் விட்டேன். அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களில் சோதனை தேறினால் கார் தானே விளக்கை அணைக்கும். கோட் மட்டும் நினைவில் இன்னும் கொஞ்ச நாள் இருந்து, கோளாறு திரும்பாவிட்டால் சுமார் 40 முறை என்ஜின் சூடேறி ஆறிய பிறகு போகும். தினமும் ஸ்டார்ட் செய்யும்போது கண் அங்கேதான் போனது. ஒன்பதாம் நாள் காலை விளக்கு இல்லை. மெக்கானிக் அன்றைக்குச் சொன்னது இதைத்தான்.