அந்தரத்தில் தொங்கும் தண்டவாளம்: அவசரச் சீரமைப்பா, முழுமையான கட்டுமானமா, பஸ்ஸா?

வெள்ளம் வடிந்த மறுநாள் எடுக்கும் படங்களில் தண்டவாளம் பெரும்பாலும் முறியாமல்தான் இருக்கும். ஸ்லீப்பர்களோடு சேர்ந்து நூலேணியைப் போல அந்தரத்தில் தொங்கும். அடியில் ஜல்லி இருக்காது; ஜல்லியைத் தாங்கிய மண்கரையும் இருக்காது. நாம் தண்டவாளம் சேதமானது என்று சொல்கிறோம். போனது அதன் காலடி நிலம். எந்த வழியில் சீரமைப்பது என்பதை இந்த வேறுபாட்டை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தண்டவாளம் மட்டும் முறிந்திருந்தால் குழப்பம் இல்லை. முறிவின் இருபுறமும் பிஷ் பிளேட் என்ற இணைப்புத் தகடு வைத்து இறுக்கி, ரயிலை ஊர்ந்து போகவிடுவார்கள். பிறகு போக்குவரத்து இல்லாத நேரம் பார்த்து, பழுதான துண்டை அறுத்தெடுத்துப் புதிய துண்டைத் தெர்மிட் முறையில் பற்றவைப்பார்கள். அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் வினைபுரியும்போது உருகி வழியும் இரும்பு இடைவெளியை நிரப்பிவிடும். இங்கே அவசரச் சீரமைப்பும் நிலையான சீரமைப்பும் ஒரே வேலையின் முதல் பாதியும் மறு பாதியும்.

கரை போய்விட்டால்தான் வழிகள் பிரிகின்றன.

முதல் வழி, பள்ளத்தை உடனே நிரப்புவது. மணல் மூட்டை, பாறாங்கல், தேவைப்பட்டால் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய தாங்கு மேடை, அதன்மேல் ஜல்லி. சில நாட்களிலேயே ரயில் ஓடத் தொடங்கும். சாலையும் அறுந்து கிடக்கும் வேளையில் அந்த முதல் ரயிலின் மதிப்பை அலட்சியமாகப் பேசக் கூடாது. குடிநீரும் மருந்தும் மட்டுமல்லாமல், அடுத்த இடத்தைச் சீரமைக்கத் தேவையான ஜல்லியும், கர்டர் எனப்படும் பாலத்து இரும்பு விட்டங்களும்கூட அந்த வழியாகத்தான் வந்து சேர வேண்டும்.

ஆனால் புதிதாகக் கொட்டிய மண் உடனே இறுகாது. ஒவ்வொரு ரயிலின் பாரத்துக்கும் கொஞ்சம் இறங்கும். இரண்டு தண்டவாளங்களும் ஒரே அளவில் இறங்கினாலாவது பரவாயில்லை. ஒன்று மட்டும் தாழ்ந்தால் பாதை முறுக்கிக்கொள்ளும், சக்கரம் தடம் விலகும். வேகக் கட்டுப்பாடு வைப்பதும், ஜல்லியைத் திரும்பத் திரும்ப இறுக்குவதும் இதனால்தான். வெயிலும் சும்மா விடாது. நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் சூட்டில் விரியப் பார்க்கும். அதை நகராமல் பிடித்து வைத்திருப்பது ஜல்லி. ஜல்லி தளர்வாக இருந்தால் பாதை பக்கவாட்டில் வளைந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது வேறொன்று. கரை உடைந்ததற்குப் பெரும்பாலும் காரணம், பாதைக்கு அடியில் தண்ணீர் போக வைத்த சிறுபாலம் தாங்காத அளவுக்குத் தண்ணீர் வந்தது. உடைப்பு என்பது தண்ணீர் தானே வெட்டிக்கொண்ட மதகு. அதைப் பாறாங்கல்லால் அடைத்துவிட்டுச் சிறுபாலத்தைப் பழைய அளவிலேயே விட்டால், அடுத்த மழையில் பத்தடி தள்ளி உடையும்.

இரண்டாவது வழி இந்தத் தவறைச் செய்யாது. பாதையை மூடிவிட்டு, சிறுபாலத்தை அகலப்படுத்தி, கரையை அடுக்கடுக்காக இறுக்கி எழுப்பி, அடிவாரத்தில் கல் பதித்து, பிறகுதான் ரயிலை விடும். பொறியியல் நோக்கில் இதுவே சரி. மாதக்கணக்கில் காத்திருக்கும் பயணிகளிடம் இதைச் சொல்வது எளிதல்ல.

இங்கிலாந்தின் டாலிஷில் 2014 பிப்ரவரியில் கடல் அலை கடற்சுவரை உடைத்து, பாதைக்கு அடியில் இருந்ததை வாரிக்கொண்டு போனது. கார்ன்வாலுக்குச் செல்லும் முதன்மை ரயில்பாதை அது. சரக்குப் பெட்டகங்களை வரிசையாக வைத்து, கல் நிரப்பி, அலைத்தடுப்பு அமைத்து வேலை செய்தார்கள். ஏப்ரல் 4 அன்று ரயில் ஓடியது. உயரமான புதிய சுவர் அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. முதலில் திறப்பு, பிறகு நிலையான காப்பு: இரண்டு வழிகளையும் முன்னும் பின்னுமாக வைத்துக்கொண்டார்கள். சுவர் வரும்வரை பாதை ஒவ்வொரு புயலுக்கும் பயந்தே ஓடியது.

வேகம் என்றாலே ஒட்டுவேலை என்று நினைப்பவர்களுக்குப் பாம்பனைச் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் புயலில் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலில் விழுந்தன. ஆறு மாதம் என்று கணக்கிட்ட வேலையை இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். கடலில் கிடந்த கர்டர்களைத் தேடி மீட்டு மீண்டும் ஏற்றியது அதற்குப் பெரிதும் கைகொடுத்தது. தூண்களில் பெரும்பாலானவை நின்றிருந்ததால்தான் அந்த வேகம் சாத்தியமானது என்பது என் கணிப்பு. அதே புயலில் தனுஷ்கோடிக்குச் சென்ற பாதை அழிந்தது. ஊரே போய்விட்ட நிலையில் அதை மீண்டும் போடவில்லை.

மூன்றாவது வழி, ரயிலுக்குப் பதில் பஸ். சில வாரங்களுக்கு என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 2011 சுனாமிக்குப் பின் ஜப்பானின் கெசென்னுமா, ஒஃபுனாட்டோ பாதைகளில் நடந்தது வேறு. ரயில்பாதையின் பகுதிகளைப் பஸ்ஸுக்கு மட்டுமான சாலையாக்கினார்கள். பஸ்கள் அடிக்கடி வந்தன, மேட்டுக்கு இடம்பெயர்ந்த குடியிருப்புகளின் அருகிலேயே நிறுத்தம் வைக்க முடிந்தது. இது மெய்யான நன்மை. ஆனால் தற்காலிகம் என்று தொடங்கியது நிலைத்துவிட்டது. 2020-இல் அந்தப் பகுதிகளின் ரயில் சேவை சட்டப்படியும் முடிவுக்கு வந்தது. பஸ்ஸை ஒப்புக்கொள்ளும் ஊர், அது எந்தத் தேதிவரை என்று முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

அதே கடற்கரையில் சன்ரிக்கு என்ற சிறிய ரயில்வே வேறு விதமாக நடந்துகொண்டது. சுனாமி அடித்த ஐந்தாம் நாளே, சேதமில்லாத குஜி – ரிக்குச்சூ நோடா துண்டில் ரயிலை விட்டது, கட்டணமும் வாங்கவில்லை. மற்ற பகுதிகளை ஒவ்வொன்றாகக் கட்டி, 2014 ஏப்ரலில் தன் பாதை முழுவதையும் திறந்தது. என் தேர்வு இதுதான்: ஓடக்கூடிய துண்டில் உடனே ஓட்டுங்கள், உடைந்த துண்டில் தண்ணீருக்கு வழி விட்ட பிறகு கட்டுங்கள். இடையில் பயணிகள் பஸ் மாறி ஏறும் சிரமம் இருக்கும். ஆனாலும் ரயில் ஓடிக்கொண்டிருக்கும் பாதையைக் கைவிடும் துணிவு யாருக்கும் எளிதில் வராது.

அதே கடற்கரையில் வேறொரு பெரிய ரயில்வே நிறுவனத்திடம் முடங்கிக் கிடந்த மியாகோ – கமாய்ஷி பகுதியும் சீரமைக்கப்பட்டு 2019 மார்ச்சில் சன்ரிக்குவின் கைக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹகிபிஸ் புயல் அந்த ரயில்வேயின் பாதையைப் பல இடங்களில் அரித்துவிட்டது. மறுபடியும் துண்டு துண்டாகத் திறந்தார்கள். 2020 மார்ச் 20 அன்று ரயில் முழுத் தொலைவும் ஓடியது.