வேகச் சலான்: கட்டிவிடுவதா, நடுவர் முன் நிற்பதா?

2024 மே 7-ஆம் தேதி நீலகிரிக்கு இ-பாஸ் முறை வந்தது. அதற்குச் சில நாட்கள் கழித்து ஒரு குடும்பத்தை என் டாக்சியில் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏற்றிச் சென்றேன். வழியில் யாரும் என்னை நிறுத்தவில்லை. 19 நாள் கழித்துக் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: போலீஸ் வேகம் அளக்கும் ஸ்பீடு கன்னில் என் வண்டியின் வேகம் வரம்பைத் தாண்டிப் பதிவாகியிருக்கிறது, ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். குறிப்பிட்டிருந்த நேரத்தில் அருவங்காட்டிலிருந்து எல்லநள்ளி வரை வண்டிகள் எறும்பு வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. அந்த நெரிசலில் அந்த வேகம் போக முடியாது என்பது இந்தச் சாலையில் தினமும் ஓட்டுகிற எவருக்கும் தெரியும்.

டாக்சி ஸ்டாண்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். “ஆயிரம் ரூபாய்தானே அண்ணா, கட்டிவிட்டுச் சவாரியைப் பாருங்கள். கோர்ட்டுக்குப் போனால் அதைவிட அதிகம் போய்விடும்.” நான் கட்டவில்லை. எதிர்த்து நின்றேன். இரண்டு வழிகளையும் எடைபோட்டுப் பார்த்ததில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கட்டிவிடுவதன் வசதியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பரிவாகன் இணையதளத்தில் சலான் எண்ணைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தொகை அதிகமாகாது, அலைச்சல் கிடையாது. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்டும் நாள் நெருங்கியிருந்தால் நிலுவைச் சலான் இல்லாமல் இருப்பது பெரிய நிம்மதி. மூன்றாவதாக லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) என்று ஒரு வழியும் உண்டு. அங்கே சமரசமாக முடிந்த வழக்குக்கு மேல்முறையீடு கிடையாது. நான் அந்தப் பக்கம் போனதில்லை, போய்வந்தவர்கள்தான் அதன் நன்மை தீமையைச் சொல்ல வேண்டும்.

ஸ்டாண்டில் யாருமே கணக்கில் எடுக்காத ஒன்று இருக்கிறது. நான் முடிவெடுத்தது அதை வைத்துத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவு, இலகுரக வாகனம் வேக வரம்பை மீறினால் ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. நடுத்தர, கனரக வாகனங்களுக்கு இரண்டாயிரம் முதல் நாலாயிரம். அதே குற்றத்தை இரண்டாவது முறை செய்தால் ஓட்டுநர் உரிமத்தையே கைப்பற்றலாம். “முதல் முறை பணம் கட்டி முடித்தாயிற்றே, அது எப்படிக் கணக்கில் வரும்?” என்று கேட்பார்கள். வரும். பணம் கட்டிக் குற்றத்தை முடித்துக்கொள்வதைச் சொல்லும் 200-ஆவது பிரிவோடு 2019 திருத்தத்தில் சேர்த்த வாசகத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். பணம் கட்டி முடித்த குற்றமும், அடுத்த குற்றம் இரண்டாவதா என்று தீர்மானிக்கும்போது முந்தைய குற்றமாகவே கருதப்படும். பணம் கட்டிவிட்டதாலேயே உரிமத்தின் மீதான நடவடிக்கையிலிருந்து விடுபடவும் முடியாது. கைப்பற்றிய உரிமம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகும். அங்கே நம் விளக்கத்தைக் கேட்பார்கள். அது எடுபடாவிட்டால் முதல் தடவை மூன்று மாதத் தகுதியிழப்பு, அடுத்த தடவை உரிமமே ரத்து.

மூன்று மாதம் என்பது ஒரு மலை டாக்சிக்காரருக்கு எவ்வளவு? ஏப்ரல், மே, ஜூன் என்று எண்ணிப் பாருங்கள். வண்டிக் கடனின் தவணையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அந்த மூன்று மாத வருமானத்தில்தான் நிற்கின்றன. செய்யாத குற்றத்துக்கு ஆயிரம் ரூபாய் கட்டினால் பணத்தோடு முடிவதில்லை, என் பெயரில் முதல் குற்றம் என்று ஒரு கோடும் விழுகிறது. வருடத்துக்கு நாலு முறை சொந்தக் கார் எடுப்பவருக்கு அந்தக் கோடு பொருட்டில்லாமல் இருக்கலாம். தினமும் இருநூறு வளைவுகளில் ஸ்டியரிங் திருப்புகிறவனுக்கு அப்படியல்ல.

எதிர்த்து நிற்பதென்றால் சும்மா “நான் வேகமாகப் போகவில்லை” என்று சொல்லிக்கொண்டிருப்பதல்ல. ஓட்டுநர் பக்கம் நிற்கிற விதிகள் சட்டத்திலேயே இருக்கின்றன. வேகமாகப் போனதாக ஒரே சாட்சி கண்ணால் பார்த்துச் சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது, கருவி அளந்த அளவு வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த ஒப்புதல் சான்றிதழ் வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்த்த 167ஏ விதி இதைச் சொல்கிறது. கையில் பிடிக்கும் ஸ்பீடு கன்னும் இதற்குள் அடக்கம். சலானில் வண்டி எண் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும். அறிவிப்பு 15 நாளுக்குள் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். சட்டத்தின் 209-ஆவது பிரிவு இன்னும் கண்டிப்பானது: அந்த இடத்திலேயே எச்சரித்திருக்க வேண்டும், அல்லது 14 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும், அல்லது 28 நாளுக்குள் சம்மனைக் கையில் சேர்த்திருக்க வேண்டும். மாநில அரசு ஓரிடத்தில் தனியாக வேகத்தைக் குறைத்திருந்தால் அங்கே பலகை நட்டிருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். நம் மலையில் பலகையைச் செடிகொடி மூடியிருக்கிறதா என்று மறுநாளே போய்ப் படம் எடுத்துவைப்பது நல்லது. மழைக்காலம் தாண்டினால் அதே இடம் வேறு மாதிரி இருக்கும்.

என் சலானில் இருந்த படத்தில் இரண்டு வண்டிகள் இருந்தன, அளந்தது எதன் வேகம் என்று தெரியவில்லை. அறிவிப்பு வந்தது 19-ஆம் நாள். இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி, அன்றைய டிரிப் ஷீட்டையும் இணைத்துக்கொண்டு, வழக்கறிஞர் இல்லாமல் நானே நீதிமன்றம் போனேன். “குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று நடுவர் கேட்டார். கூட்டத்தில் நிற்கும்போது “ஆமாம் ஐயா” என்று சொல்லிவிட்டு வெளியே வரத்தான் நாக்கு துடிக்கும். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நான் இல்லை என்றேன். அடுத்த வாய்தா போட்டார்கள். இரண்டாவது வாய்தாவுக்குச் சாட்சி வரவில்லை. மூன்றாவதில் காவலர் வந்தார், மரியாதையாகவே பேசினார். கருவியின் சான்றிதழைக் கேட்டபோது அது கொண்டுவரப்படவில்லை. வழக்கு தள்ளுபடியானது.

செலவையும் மறைக்காமல் சொல்கிறேன். மூன்று நாள் சவாரி போயிற்று, சுமார் ஆறாயிரம் ரூபாய். அதில் ஒன்று பைக்காரா வரை பேசி வைத்திருந்த நல்ல சவாரி. ஆயிரத்துக்குப் பதில் ஆறாயிரம் போனதில் எனக்கு வருத்தமில்லை, என் உரிமத்தில் கோடு விழவில்லை. தோற்றிருந்தால் இரண்டாயிரம் வரை அபராதம் போட்டிருக்கலாம், கோடும் விழுந்திருக்கும். சவாரியை விட முடியாதவர்கள் வட்டச் சட்டப் பணிகள் குழுவைக் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் இன, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைக்கும்.

ஆனாலும் சில பேருக்குக் கட்டிவிடுவதுதான் சரி. வழக்கு நடப்பது குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் இடத்தின் நீதிமன்றத்தில். சென்னையிலிருந்து சுற்றுலா வந்து திரும்பியவர் வாய்தாவுக்கு வாய்தா மலையேற முடியாது. எங்கள் ஸ்டாண்டில் ஒரு தம்பிக்கு மேட்டுப்பாளையம் பக்கம் சலான் விழுந்தது. ஒவ்வொரு முறையும் பர்லியார் வழியாக 34 கிலோமீட்டர் இறங்கி ஏற வேண்டும் என்று கணக்குப் பார்த்துக் கட்டிவிட்டார். அவர் செய்தது தவறென்று நான் சொல்லமாட்டேன்.

உண்மையிலேயே வேகமாகப் போனவர் கட்டத்தான் வேண்டும். குன்னூர் பக்கத்துக் காட்டேரியில் பனி இறங்கும்போது பத்தடிக்கு அப்பால் எதிர்வண்டி தெரியாது. அங்கே வேகத்தைப் பிடிக்கிற காவலர் நம் உயிரைத்தான் காக்கிறார். சலானில் ஒரு எழுத்துப் பிழை கிடைத்துவிட்டது என்பதற்காக அப்படிப்பட்டவர் நீதிமன்றம் போவதை நான் ஆதரிக்கமாட்டேன். வேறொரு வகையினரும் இருக்கிறார்கள்: ஊட்டி, பைக்காரா, குன்னூர், கோத்தகிரி எல்லாம் ஒரே நாளில் என்று விற்கும் நிறுவனங்களுக்கு வண்டி ஓட்டுகிற பிள்ளைகள். முடியாத நேரத்துக்குள் போய்ச் சேரச் சொல்லி உத்தரவிட்ட முதலாளியும் இதே 183-ஆவது பிரிவில் குற்றவாளிதான், அந்த நேர அட்டவணையே அவருக்கு எதிரான சாட்சி. அந்தப் பிள்ளைகள் அட்டவணையின் படத்தைக் கைப்பேசியில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வண்டி ஒருவருடையது, ஓட்டியது இன்னொருவர் என்றால் உரிமையாளர் தயங்காமல் ஓட்டியவரின் விவரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். 133-ஆவது பிரிவில் அது அவருடைய கடமை.

எதிர்த்து நிற்பவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வழக்கு தள்ளுபடியான பிறகும் என் சலான் இணையதளத்தில் நிலுவை என்றே காட்டிக்கொண்டிருந்தது. உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு அன்றே மனுப் போட்டதால் எஃப்.சி.க்கு முன்னால் அதை நீக்க முடிந்தது. அந்த நகல் இப்போது ஆர்.சி. புத்தக உறையில், காப்பீட்டுத் தாளுக்குப் பின்னால் இருக்கிறது.