ஆர் பள்ளத்தாக்குச் சிவப்பு ஒயின்: ஸ்பேட்புர்குண்டரா, ஃப்ரூபுர்குண்டரா?

ஜெர்மனியில் பான் நகருக்குத் தெற்கே ரைனில் கலக்கும் சிற்றாறு ஆர். அதன் கரைச் சரிவுகளில் சுமார் 560 ஹெக்டேரில்தான் திராட்சை. வெள்ளை ஒயினுக்குப் பேர்போன நாட்டில், 50 டிகிரி வட அட்சரேகையில், இங்கு மட்டும் ஐந்தில் நான்கு பங்கு சிவப்பு. குறுகிய பள்ளத்தாக்கு குளிர்காற்றைத் தடுக்கிறது. பகல் வெயிலை வாங்கி வைக்கும் சிலேட் பாறை, இரவில் அந்தச் சூட்டைக் கொடிக்குத் தருகிறது.

ஸ்பேட்புர்குண்டர் என்பது பீனோ நுவார் என்ற சிவப்பு ஒயின் திராட்சை ரகமேதான். ஃப்ரூபுர்குண்டர் அதிலிருந்து இயற்கையாகப் பிறழ்ந்த ரகம். சுமார் இரண்டு வாரம் முந்திப் பழுக்கும். அந்த முந்தலில்தான் அதன் தொல்லையெல்லாம். பூக்கும் நேரத்தில் குளிரடித்தால் பூ உதிர்ந்து கொத்து பாதியாகிவிடும். மற்ற தோட்டங்கள் இன்னும் காயாக இருக்க, குளவியும் பறவையும் இங்கேதான் மொய்க்கும். பழம் சிறிது, தோல் தடிமன், மகசூல் குறைவு. புளிப்பு வேகமாக இறங்குவதால் அறுவடை சில நாள் தள்ளினாலும் ஒயினில் ஜாம் வாடை வந்துவிடும். ஒரே தரத்தில் ஃப்ரூ பெரும்பாலும் விலை கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை.

சரியாக வந்த ஃப்ரூவில் கருஞ்செர்ரி மணம், மென்மையான துவர்ப்பு. மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் குடித்துவிட வேண்டியது. ஸ்பேட்டில் ராஸ்பெர்ரி, லேசான புகை, நிமிர்ந்த புளிப்பு. நல்லது பத்தாண்டும் நிற்கும். ஆனால் குளிர்ந்த ஆண்டில் வெளிறிப்போகும், கொதித்த ஆண்டில் ஆல்கஹால் 14 சதவீதத்தைத் தாண்டும். புது ஓக் பீப்பாயில் அதிகம் ஊறியதைத் தவிருங்கள்: இந்த மெல்லிய ரகத்தில் வெனிலா ஏறினால் பழம் காணாமல் போகும்.

எங்கள் தேர்வு ஸ்பேட்தான், அதுவும் நடு ஆரின் மைஷோஸ், டெர்னாவ் ஊர்களின் சிலேட் சரிவிலிருந்து. கீழே ஹைமர்ஸ்ஹைம் பக்கம் வண்டல் கலந்த மண். ஒயின் உருண்டு திரண்டிருக்கும், கூர்மை குறையும். இன்றே திறக்க, காரம் குறைந்த வாத்து வறுவலோடு என்றால் ஃப்ரூவை எடுக்கலாம்.

லேபிளில் ‘ட்ராக்கன்’ என்றிருந்தால் இனிப்பில்லாதது. சர்க்கரை லிட்டருக்கு 9 கிராமுக்கு மேல் போகாது. 2021 ஜூலையில் ஆர் ஆற்று வெள்ளத்தில் ஒயின் வைக்கும் பல பாதாள அறைகள் மூழ்கின. அதற்கு முந்தைய ஆண்டுப் பாட்டில் கிடைத்தால், எங்கே வைத்திருந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

பரிமாற 15 டிகிரி போதும். 30 டிகிரி அறையில் இருந்த பாட்டிலை ஐஸ் தண்ணீரில் கால்மணி நேரம் நிறுத்துங்கள். ஃபிரிட்ஜிலிருந்து நேரே ஊற்றினால் மணம் அடங்கித் துவர்ப்பு மட்டும் நாக்கில் நிற்கும். மூடி வைத்தால் ஸ்பேட் மறுநாளும் தாங்கும். ஃப்ரூவை அன்றே முடித்துவிடுங்கள்.